எட்டு எம்பிக்குள் ஒரு கல்யாணம்

"நிறைஞ்சு போச்சு" என்ற வார்த்தையை வாழ்நாளில் ஒருமுறைகூட வாயால் சொல்லாத மனிதர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான் பிறந்தார். அவரும் கோயமுத்தூரில் பிறந்து, காந்திபுரத்தில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு நேர் கீழே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். போர்டில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. யார் படித்தது? ஊருக்கே அவர் இடமிருக்கு அண்ணன்.

ஸ்டுடியோ வைப்பதற்கு முன்னால் அவர் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க, இடமிருக்குதுங்க!" என்று பத்து வருஷம் கத்தியவர். படியில் தொங்குகிறவன் ஒற்றைக் காலை வைக்க இடமில்லாமல் தவித்தாலும், அடுத்த ஸ்டாப்பில் யாராவது கை காட்டினால் அண்ணனுக்கு மனசு கேட்காது. "பாவம், வெய்யில்ல நிக்கறாங்கல்ல?" என்று விசில் ஊதிவிடுவார். ஒருநாள் உக்கடத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் அவர் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு அம்மணி! டிரைவர் குதி குதியென்று குதிக்க, "சித்த நின்னுட்டே ஓட்டுங்க, அவங்க சிங்காநல்லூர்ல எறங்கிருவாங்க" என்றாராம் அண்ணன். அன்றோடு வேலை போச்சு. இதை அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். கால்வாசியாவது உண்மை இருக்கும்.

கேமரா பிடித்த பிறகும் ஆள் திருந்தவில்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு ஒருவர் வந்தால், துணைக்கு வந்தவரையும் "நீங்க ஏனுங்க அக்கட்ட நிக்கறீங்க? வாங்க, இடமிருக்குது" என்று பக்கத்தில் நிறுத்திவிடுவார். காலேஜில் சேர விண்ணப்பித்த ஒரு பையனுக்கு, "இந்த இருவரில் மாணவர் யார்?" என்ற கேள்வியோடு விண்ணப்பம் திரும்பி வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் நெருப்பு. கல்யாண வீட்டில் ஃபிலிம் தீரப்போகிறது என்றால் மற்ற போட்டோக்காரர்கள் வெறும் ப்ளாஷ் அடிப்பார்கள். வெளிச்சம் விழும், சனம் சிரிக்கும், படம் மட்டும் விழாது. அண்ணன் கண்ணுக்கு அது மகா பாவம். "டிக்கெட் கிழிக்காம காசு வாங்கற மாதிரிங்க தம்பி. நம்பிச் சிரிச்சவங்களுக்கு என்னங்க பதில் சொல்றது?" என்பார்.

இப்படிப்பட்டவர் கையில், தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு டிஜிட்டல் கேமரா வந்து விழுந்தது. அனுப்பியது மஸ்கட்டில் வேலை பார்த்த அவருடைய அக்கா புருஷன். அண்ணன் அவரை மாமா என்பார். அவர் அண்ணனை மாப்ள என்பார். மாமாவின் ஒரே மகளுக்கு வெள்ளகோவிலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதலாளி லீவு தர மாட்டேன் என்றுவிட்டார். மனசு உறுத்தியதோ என்னவோ, தான் ஓரங்கட்டிய பழைய கேமராவைத் தூக்கிக் கொடுத்தாராம். மாமா அதை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அம்மணி கழுத்துல தாலி ஏறறத அன்னிக்கே நான் பாக்கோணும் மாப்ள."

"ஆகட்டுங்க மாமா" என்று ரிசீவரை வைத்த கையோடு அண்ணன் மாடிக்கு ஓடி வந்தார். "ஏனுங்க தம்பி, இந்த ஈமெயிலுங்கறது எப்படீங்க?"

ஈமெயிலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கார்டுதான் வம்பு பண்ணியது. கேமராவோடு வந்தது, எடுத்த படங்கள் போய் உட்காருகிற நாலு எம்பி கார்டு. முப்பத்தைந்து படம் எடுத்ததும் திரையில் 'ஃபுல்' என்று வந்தது. யாரிடம்? அண்ணனிடம்! மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தனூண்டு இருந்துட்டு என்ற கிட்டயே சொல்லுதுங்க பாருங்க!"

விஷயம் மஸ்கட்டுக்குப் போனது. மாமா ஒரு மாசச் சம்பளத்தைக் கொட்டி முப்பத்திரண்டு எம்பி கார்டு வாங்கி, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற குட்டிப் பெட்டியும் சேர்த்து அனுப்பினார். அண்ணன் கார்டைக் கண்ணில் ஒற்றிக் கேமராவுக்குள் செருகினார். 'கார்டு எரர்' என்றது கேமரா.

அந்தக் காலத்துக் கேமராக்களுக்கு இது ஒரு வியாதி. எட்டு எம்பிக்கு மேல் ஒரு கார்டு உலகத்தில் வரும் என்று அதைச் செய்தவனே நினைத்துப் பார்த்திருக்க மாட்டான். பெரிய கார்டைக் கண்டால் அது திகைத்துப் போகும். இதையெல்லாம் நான் விளக்கிச் சொன்னேன். அண்ணன் காதில் ஏறினால்தானே? கார்டை வேட்டி நுனியால் துடைத்தார். "கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க" என்று கேமராவிடமே கேட்டார். கடைசியில் இரண்டையும் ஒரே பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்.

"என்னண்ணா இது?"

"பழகட்டுங்க தம்பி. புது மாட்டக் கொண்டாந்து கட்டினா பழைய மாடு ரெண்டு நாளைக்கு முட்டத்தானுங்க செய்யும்."

மூன்றாம் நாளும் முட்டியது. கல்யாணத்துக்கு நாலே நாள். வேறு வழியில்லாமல் நான் அந்தக் கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, எட்டு எம்பி மட்டும் கேமராவின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஃபார்மட் பண்ணிக் கொடுத்தேன். கேமரா சமர்த்தாக ஏற்றுக்கொண்டது. அண்ணனுக்குத்தான் ஏறவில்லை.

"மிச்சம் இருவத்திநாலு எங்கீங்க?"

"உள்ளயேதான் இருக்குதுங்கண்ணா. கேமராவுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"இருக்கற இடத்த இல்லீன்னு பொய் சொல்றதுங்களா?" என்று நொந்துபோய் உட்கார்ந்துவிட்டார். எழுபது படம் எடுக்கலாம் அண்ணா, கடைசிப் பத்தைத் தாலிக்கு ஒதுக்கி வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார்.

எனக்கு நம்பிக்கை இல்லாமல், கல்யாணத்துக்கு முந்தின நாள் நானும் கூடவே பஸ் ஏறினேன். வெள்ளகோவிலில் வீட்டு வாசலிலேயே பந்தல். ஃபிலிம் கேமராவோடு வேறொருவர் ஊர்ப் படமெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு மாமாவுக்கு அனுப்புகிற படம் மட்டும்தான் வேலை. ஆனால் இந்தக் கேமராவில் எடுத்தால் இன்றைக்கே மஸ்கட்டில் தெரியும் என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டான். அவ்வளவுதான், சனம் மொய்த்துவிட்டது.

"ஏனுங்க, எங்களையும் ஒண்ணு எடுங்க, மஸ்கட் அண்ணன் பாக்கட்டும்." "புதுசா வெட்டின கெணத்த எடுங்க, பாக்கட்டும்." ஒருவர் கன்றுக்குட்டியைக் கயிற்றோடு இழுத்து வந்து, "இது அவரு போனப்பறம் பொறந்ததுங்க" என்று நிறுத்தினார். மாமா ஊரைவிட்டுப் போய் மூன்று வருஷம். இதில் யாரைப் போகச் சொல்வது? அண்ணன் ஒருத்தரையும் விடாமல் எடுத்தார். நான் காதோரமாகப் போய், "அண்ணா, வெறும் ப்ளாஷ் அடிங்கண்ணா" என்றேன். அவர் பார்த்த பார்வையில் நான் நேராகப் பந்திக்கே போய்விட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது "கெட்டிமேளம்!" என்று சத்தம். ஓடி வந்து பார்த்தால் மணவறைக்கு முன்னால் அண்ணன் சிலையாக நிற்கிறார். திரையில் 'ஃபுல்'. பழைய கார்டு முந்தின நாள் சாயங்காலமே நிறைந்திருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஒண்ண அழிங்கண்ணா! கன்னுக்குட்டிய அழிங்க!"

"மாமா அதப் பாத்ததேயில்லீங்க."

"அப்ப என்னைய அழிங்க! நான் நின்ன படம் ஒண்ணு இருக்குதுல்ல?"

"நீங்க ஒறம்பரைங்க தம்பி" என்றார். அந்த நெருக்கடியிலும் விருந்தாளியை அழிக்கக் கூடாதாம்!

படங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். அன்று காலையில் கேமராவை என்னிடம் கொடுத்து அவர் எடுக்கச் சொன்ன ஒரே படம். தாய்மாமனாகப் பட்டு வேட்டி கட்டி, பெண்ணுக்கு மாலை போட்டுவிட்டு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். "அண்ணா, அது வேண்டாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அழித்துவிட்டு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம். மேளம் உச்சத்துக்குப் போனது. தாலி கழுத்தில் ஏறிய நொடியில் எடுத்தார்.

மதியப் பந்தியில்கூட உட்காரவில்லை. என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, பொழுது சாயும் நேரத்தில் காந்திபுரம் வந்து சேர்ந்து, மாடியில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். ஃபோன் லைன் இருமி இருமிப் படத்தை இழுத்தது. முதல் படமாகத் தாலியை அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் மஸ்கட்டிலிருந்து பதில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நான்தான் படித்துக் காட்டினேன். தாலி ஏறியதைப் பார்த்தாராம். அதை மட்டும் பிரிண்ட் எடுத்துத் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறாராம். கிணற்றைப் பார்த்தாராம், கன்றுக்குட்டியைப் பார்த்தாராம், பந்தியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பங்காளியைக்கூடப் பார்த்தாராம். கடைசி வரியில், "அத்தன பேரும் இருக்காங்க, உங்களைய மட்டும் காணோமே மாப்ள. கல்யாணத்துக்குப் போனீங்களா இல்லீங்களா?" என்று கேட்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க படத்த அழிச்சுத்தான் தாலியப் புடிச்சீங்கன்னு எழுதட்டுங்களாண்ணா?"

"ஐயோ வேண்டாமுங்க. மாமா மனசு கஷ்டப்படும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்படி எழுதுங்க தம்பி. 'போனேனுங்க மாமா. படத்துல அத்தன பேரும் சிரிக்கறாங்க பாருங்க, அது என்னையப் பாத்துத்தானுங்க.'"

அப்படியே டைப் அடித்து அனுப்பினேன். முறைத்த பங்காளியை விட்டால், அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கு அன்றைக்கு மட்டும் அழுகை வந்தது.