தாயத்து அக்காவும் முப்பத்தொன்பது நிமிஷமும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே எந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும், தாயத்து அக்கா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் போதும், அது பயத்திலேயே எழுந்துவிடும். இதைக் கோர்ட்டில் ஏறிச் சத்தியம் செய்யவும் நான் தயார்.

2011இல் கடலூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலில் நானும் அவரும் ஒரே அறை. ஜவுளிக்கடையில் பில் போடுவது அவர் வேலை. சொந்த ஊர் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு பென்டிரைவ் தொங்கும். அதற்குள் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றி, "கீழ வெச்சிடாத, கையிலயே வெச்சிக்க" என்று என்னிடம் கொடுப்பார். நான் வாசலில் நின்று காவல் காப்பேன்.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டில், ஜுரக் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு அம்மா அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு, "எங்க மந்திரிச்சதும்மா இது?" என்று கேட்டார்.

"இது கம்ப்யூட்டருக்குக் கட்டறதும்மா. நீங்க புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றவர், தானே ஷேர் ஆட்டோவை நிறுத்தி அவர்களை ஏற்றிவிட்டார். அன்றிலிருந்துதான் அவர் எங்களுக்குத் தாயத்து அக்கா.

விண்டோஸ் செவன் வந்து இரண்டு வருஷம் ஆகியும் அக்கா மசியவில்லை. "புதுசு லட்சணமாத்தான் இருக்கு. நம்ம பழைய மெஷினு அத்தினி பாரத்த தூக்க வேணாமா?" என்பார். ஹாஸ்டலில் யாருடைய பழைய கம்ப்யூட்டர் முனகினாலும் கயிற்றைக் கழற்றிவிடுவார்.

அந்த வருஷம்தான் அவருடைய அண்ணனுக்குச் சோதனை வந்தது. அவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைகள், வலை சிக்கும் இடங்கள் எல்லாவற்றையும் பல வருஷமாக ஒரு ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வைத்திருந்தார். கருவி திடீரென்று தானாக அணைய ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம் உயிரோடு இருக்கும், அப்புறம் கண்ணை மூடிக்கொள்ளும். நிரந்தரமாக மூடிவிட்டால் அத்தனை இடமும் போச்சு. கம்ப்யூட்டருக்கு மாற்ற கேபிளும் சிடியும் இருந்தன. ஆனால் அந்த சிடியில் இருந்த புரோகிராம் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும்.

முதலில் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். தன் பாறைகளை ஊர் பார்த்துவிடும் என்று அண்ணன் தோள் துண்டை எடுத்து மானிட்டர் மேல் போர்த்தினார்.

"அண்ணே, மூடிட்டா நான் எப்புடிப் பாக்கறது?" என்றார் அக்கா.

"நீயும் பாக்காத. பாக்காமயே உள்ள ஏத்திடு."

ஏற்றுவதற்கு வழியே இல்லை. கேபிளுக்கு ஏற்ற பழைய ஓட்டை அங்கிருந்த எந்த மெஷினிலும் இல்லை. ஆகவே சிதம்பரத்தில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிபண்ணி விற்கும் கடைக்கு நானும் அக்காவும் போனோம். ஓட்டை இருந்த மெஷின் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸும் இல்லை, சிடி டிரைவும் வேலை செய்யவில்லை.

"பென்டிரைவ்லல்லாம் எக்ஸ்பி ஏறாதும்மா. அது சிடியிலதான் ஏறும்" என்றார் கடைக்காரர்.

"ஏறும் சார். ஏறலன்னா ஏற வெக்கணும்" என்றார் அக்கா.

பஸ்ஸில் கம்ப்யூட்டரை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "மடியில இருக்கற புள்ளைக்கி டிக்கெட் கேப்பீங்களா?" என்றார் அக்கா. கண்டக்டர் முந்தானையைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிராமத்தில் அக்கா வீட்டில் வேலை ஆரம்பமானது. மின்வெட்டுக் காலம், தினமும் இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

முதல் முறை பாதியில் திரை முழுக்க நீலமாகிவிட்டது. "கடல் தெரியுது!" என்று அண்ணன் துள்ளினார். அது கடல் அல்ல, கோளாறு. அக்கா செட்டிங்கிற்குள் போய், ஹார்டு டிஸ்க்கைப் பழைய முறைக்கு மாற்றினார். இரண்டாம் முறை நன்றாகவே போனது. மெஷின் தானாக அணைந்து மறுபடி எழும்போது, வேலை முடிந்தது என்று நினைத்த அண்ணன் பென்டிரைவைப் பிடுங்கி மரியாதையாக அக்காவிடம் நீட்டினார்.

பாதியில் பிடுங்கியதால் ஏறியதெல்லாம் வீண். அக்கா அண்ணனை அடுப்படிப் பக்கம் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் கட்டிக்கொள்ளச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து.

மூன்றாம் முறை 'இன்னும் 39 நிமிடம்' என்று திரையில் வந்தது. மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. எண் இறங்கி இறங்கி 34க்கு வந்து அப்படியே நின்றது. பத்து நிமிஷம் அசையவில்லை. பதினைந்து நிமிஷம் அசையவில்லை.

"இன்னா, நங்கூரம் போட்டுடுச்சா?" என்றது அடுப்படிக் குரல்.

"எல்லா மெஷினும் இந்த எடத்துல கொஞ்சம் யோசிக்கும். யோசிக்கட்டும்" என்றார் அக்கா. குரலில் தைரியம் இருந்தது. கை மட்டும் வெறும் கழுத்தில் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தது. அக்கா பயந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

33 வந்தபோது நான் கைதட்டினேன்.

டெஸ்க்டாப் வந்தபோது மணி ஒன்று நாற்பது. சிடியிலிருந்த புரோகிராமை அக்கா ஜவுளிக்கடைக் கம்ப்யூட்டரில் முன்பே பென்டிரைவில் காப்பி செய்து வைத்திருந்தார். அதை ஏற்றி, கேபிளைச் செருகி, கருவியை உயிர்ப்பித்தார். அது அணைந்தது. மறுபடி உயிர்ப்பித்தார். பேட்டரி மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பட்டனைத் தட்டினார். திரையில் எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கத் தொடங்கின. கடைசி எண் வந்ததும் அத்தனையையும் பென்டிரைவில் சேமித்துக்கொண்டார்.

அண்ணன் கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். வரிகளை விரலால் தொட்டார். "இது வஞ்சரம் புடிச்ச எடம். இது வலை அறுந்த எடம். இது... இது அப்பா சாவறதுக்கு முன்ன கூட்டிக்கினு போய்க் காட்டுனது."

அடுத்து அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. தெருக்கதவைத் திறந்து, "டேய் மச்சான்! எல்லாரும் வாங்கடா! என் தங்கச்சி இன்னா பண்ணிருக்கான்னு வந்து பாருங்கடா!" என்று கத்தினார். பாதித் தெரு உள்ளே வந்துவிட்டது.

அக்கா பதறி மானிட்டரை அணைத்தார். "அண்ணே, அவ்வளவும் உன் பாறைண்ணே!"

"பாத்துட்டுப் போவட்டும், போ! எவனுக்கு இருக்கா இந்த மாதிரி தங்கச்சி?"

சரியாக இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. இருட்டு மானிட்டரைச் சுற்றி நின்று ஊரே அக்காவைப் பார்த்தது. நானும் அவரோடு வந்தவள் என்று தெரியும்படி கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றுகொண்டேன்.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் திரும்பும்போது அக்கா என் தோளில் சாய்ந்து அசந்து தூங்கிவிட்டார். ஹாஸ்டல் ஸ்டாப் வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. பஸ் எங்களை பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோனது. "ஏன்டி எழுப்பல?" என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே என்னோடு நடந்துவந்தார். ஹாஸ்டல் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.