பதினோரு வருடமாகத் தெரியாதவர்

உலகக் குடியாட்சி வரலாற்றைப் பொன்னெழுத்தில் எழுதப் போகிறவர்கள், எங்கள் பேருந்து நிலையச் சுவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். சுவரின் முன்பக்கம் எங்கள் கட்சிக்கு. 'வந்தவர்களை வெளியேற்றுவோம்' என்பது எங்கள் உயிர்மூச்சு. பின்பக்கம் எதிர்க்கட்சிக்கு. 'வந்தவர்களை வாழவைப்போம்' என்பது அவர்கள் உயிர்மூச்சு. நான் முன்பக்கத்தின் கொள்கைப் பரப்புச் செயலாளர்.

இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டிருந்தவர் ஒரே பெயின்டர். பதினோரு வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்தவர். ஒவ்வோர் எழுத்தும் ஆளுயரம். காலையில் முன்பக்கம் தன்னையே வெளியேற்றிக்கொண்டிருப்பார். சாப்பிட்டுவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்த் தன்னையே வாழவைப்பார். தலைவர் எழுதிக் கொடுப்பதில் இருக்கும் பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தியும் விடுவார்.

தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு அவர் ஏணியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

"அண்ணே, எங்க குடியிருப்பு அனுமதி வெள்ளிக்கிழமையோட முடியுது. ஒரு கட்சியோட சிபாரிசுக் கடிதம் இருந்தா நீட்டிச்சுத் தருவாங்களாம். பொண்ணு இங்கதான் படிக்கிறா."

என் மனம் இளகிவிட்டது. தலைவரிடம் ஓடினேன்.

"தாராளமா குடுய்யா, தங்கமான மனுஷன்," என்றார் தலைவர். "நமக்கு அவரைத் தெரியும்னு மட்டும் எழுதிடாதே. ஓட்டு போயிடும்."

செயற்குழு மூன்று மணி நேரம் கூடி, வார்த்தை வார்த்தையாகச் செதுக்கிய கடிதம் இது: 'இதைக் கொண்டுவருபவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. பதினோரு வருடமாகத் தெரியாது. மிகவும் நல்லவர்.'

"முத்திரை இல்லையே அண்ணே?"

"முத்திரை குத்தினா தெரிஞ்சவர்னு ஆயிடுமேப்பா," என்று பொறுமையாக விளக்கினேன்.

அவர் பின்பக்கத்தாரிடம் போனார். அவர்கள் கட்டிப்பிடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், நான்கு பக்கக் கடிதமே கொடுத்தார்கள். அதன் கடைசி வரி: 'இது தேர்தல் முடிவுக்குப் பிறகே செல்லும்.'

குடியேற்ற அதிகாரி இரண்டையும் படித்தார். "ஒருத்தருக்கு உங்களைத் தெரியல. இன்னொருத்தருக்கு அடுத்த வாரம்தான் தெரியவருமாம். நான் என்ன சார் பண்றது?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெயின்டரும் மனைவியும் மகளும் மூன்று பெட்டிகளோடு வண்டியேறினார்கள். அந்தப் பெண் பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. செயலாளர் பதவியில் இருப்பவன் வெளியே காட்டிக்கொள்ள முடியுமா?

சனிக்கிழமை விடிந்ததும்தான் விபரீதம் தெரிந்தது. இந்தத் தேர்தலுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த முன்பக்கம் 'வந்தவர்களை' என்ற சொல்லோடு பாதியில் நின்றிருந்தது. பின்பக்கமும் அப்படியே. எந்தப் பக்கம் எந்தக் கட்சி என்று தொண்டர்களே குழம்பி, மாற்றி மாற்றிக் கோஷம் போட்டார்கள். மண்ணின் மைந்தர்களில் ஏணியேற ஒருவரும் முன்வரவில்லை.

ஆகவே இரு தலைவர்களும் முதன்முறையாக ஒரே மேசையில் அமர்ந்தார்கள். கூட்டு மனு தயாரானது: 'அவசரத் தேசியப் பணிக்காக வெளிநாட்டுப் பெயின்டர் ஒருவரை வரவழைக்க அனுமதி தேவை. முழுப் பொறுப்பும் எங்களுடையது.'

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நேத்துப் போனவரையே கூப்பிட்டுக்கலாமே?"

"அவர் வேணாங்க," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். "அவருக்குக் குடும்பம் இருக்கு. சுவர் முடிஞ்சாலும் இங்கயே இருந்துடுவாரு."

அரை மணி நேரத்தில் அனுமதி கிடைத்தது. எங்கள் இரு கட்சிகளுக்கும் கொள்கை வேறுபாடு உண்டென்று இனி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மனுவை எழுதியவன் நான்தான்.