பொன்னாங்கண்ணிக் காவல்

புஷ்பத்தின் அடுப்பிலிருந்து பொன்னாங்கண்ணி வாசம் வந்ததும் கிருஷ்ணகுமாரி உள்ளே ஓடினாள்.

"அக்கா, நீங்க பணிய லயம். கீரையே தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"மேட்டு லயத்துக்காரங்க கண்ணு மட்டுந்தான் கண்ணா?" என்றாள் புஷ்பம், கிளறுவதை நிறுத்தாமல்.

கண்ணின் விழித்திரையில் மஞ்சள் நிறமி ஒன்று இருக்கிறது. கடும் வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காப்பது அதன் வேலை. கீரை சாப்பிட்டால் அது கூடுமா என்று பார்க்கத்தான் டாக்டர் பத்மாசனி இலங்கையில் அரநாயக்கப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் வீட்டு வரிசைகளில் மேலே இருக்கும் மேட்டு லயம் மூன்று மாதம் தினமும் கீரை சாப்பிட வேண்டும். கீழே இருக்கும் பணிய லயம் தொடக்கூடாது. பிறகு எல்லாருடைய கண்ணையும் படம் பிடித்து அளப்பார்கள். இரண்டு லயத்துக்கும் காவல் கிருஷ்ணகுமாரி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் டாக்டரிடம் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான்.

கீரை வயிற்றுக்கு ஆகாது என்று பணிய லயத்தில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். அவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. அவள் சொல்லாத மேட்டு லயம்தான் அதைக் கேள்விப்பட்டுக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அன்றோடு கீரையை நிறுத்தியது. பதறிப்போய், டாக்டர் அனுப்பிய கட்டுகளை மேட்டு லயத்து வாசல்தோறும் அவளே கொண்டுபோய் வைத்தாள். சாப்பாட்டுச் சாமானை வீணாக்குவார்களா? பொழுது சாய்வதற்குள் அத்தனையும் பணிய லயத்துக்கு இறங்கிவிட்டது. அங்கே இப்போது இரண்டு வேளையும் கீரை.

"எனக்கு வேலை போயிடும்ங்க" என்று ஒருநாள் கோயிலடியில் எல்லார் முன்னாலும் அழுதேவிட்டாள். உச்சுக்கொட்டிவிட்டுக் கலைந்து போனார்கள்.

மூன்று மாதமும் முடிந்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குக் கண்ணைப் படம் பிடிக்கும் மெஷின் வந்தது. உள்ளே பேர் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணில் நீல வெளிச்சம் அடித்துப் படம் பிடித்தார்கள். அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் கிருஷ்ணகுமாரி பின்பக்கம் தண்ணீர் கொட்டும் பீலியடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் சிரித்த முகமாக அவளைத் தேடி வந்தார்.

"நான் நினைச்சதைவிட வடிவா வந்திருக்கு. மேட்டு லயத்தில எல்லாருக்கும் நிறமி கூட, பணிய லயத்தில குறைவு. உங்கட வேலை நிச்சயம்."

மெஷின் பழுதா, தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா என்று தெரியாமல் புஷ்பத்தைத் தேடி ஓடினாள்.

புஷ்பம் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்: "கீரை திங்கிறவங்க மேட்டு லயம்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க, புள்ள? அதான் அவங்க பேரக் கூப்பிட்டப்ப நாங்க போயி உக்காந்துட்டோம், எங்க பேருக்கு அவங்க உக்காந்துட்டாங்க."