மாமனாருக்கு விட்ட புறாக்கள்

நான் பயந்தே வளர்ந்தவன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன். (வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.) ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதுகூடப் பயத்தால்தான். கணக்கு வாத்தியார் பதினேழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லியிருந்தார். எனக்குப் பதினாறு வரைக்கும்தான் வரும். அடுத்த நாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை, அப்படியே போகாமலே ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று நினைப்பீர்கள். என் மாமனாரை இரண்டாம் முறை சாகடித்தவன் நான்தான்.

முதல் முறை நெஞ்சுவலி. நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்தார். காலையில் ஆட்களுக்குப் பேர் போடப் போனவர், காப்பிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. எனக்கும் அவர் மகள் கவிதாவுக்கும் கல்யாணமாகி அப்போது எட்டு மாதம்.

ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வீடியோ எடிட்டிங் எனக்கு வேலை. ஊரார் கல்யாணத்தையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுத்த நான், என் கல்யாணத்தை மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஸ்டூடியோ கம்ப்யூட்டரிலேயே போட்டுவைத்திருந்தேன். மாமனார் நடந்து, பேசி, சிரிக்கிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

கவிதா என்னிடம் எதுவும் கேட்கிற ரகமில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

“ஏனுங்க, பதினாறாம் நாள் கருமாதிக்கு எல்லாருமே வருவாங்க. அப்பாவ டிவியில போட்டுக் காட்டலாமுங்களா? அம்மாவுக்கு அவுரு கொரலக் கேக்கோணுமாமுங்க.”

“அதுக்கென்ன, காட்டீரலாம்” என்றேன்.

ஸ்டூடியோ முதலாளி முருகேசண்ணன் சேலத்துக்காரர், தொழிலில் கறார். “வெறும் படமாப் போட்டா நல்லாருக்காது சாமி. ரைட்டரு மலையில பேரெடுத்த மனுசன். வெளக்குச் சுத்தோணும், ரோசாப்பூ உழுகோணும், முக்கியமா பொறா பறக்கோணும்” என்றார். எங்கள் பக்கத்து அஞ்சலி வீடியோவில் இறந்தவரைச் சுற்றிப் புறா பறக்காவிட்டால் அது மரியாதையே இல்லை.

ஆகவே விட்டேன். பன்னிரண்டு புறா. சரியாகப் பறக்கிறதா என்று பார்க்க, முதலில் பதினொரு நொடியை மட்டும் எடுத்து என் செல்லில் போட்டுக்கொண்டேன். பிறகு, கருமாதிக்கு முந்தின நாள் காலை பதினொரு மணிக்கு, முழு வீடியோவையும் உருவாக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினேன். ‘மீதி இருபத்தாறு மணி நேரம்’ என்றது கம்ப்யூட்டர். மறுநாள் காலை ஒன்பது மணிக்கே நாகலூரில் சொந்தபந்தம் கூடிவிடும்.

“அண்ணா, பொறாவ மட்டும் எடுத்துட்டா சீக்கிரம் முடிஞ்சிருமுங்க.”

“சொந்த மாமனாருக்குப் பொறா உடாத நீ என்ன மாப்பள?”

நேரமாகிவிடும் என்கிற பயம் மற்ற பயங்களையெல்லாம் தின்றுவிட்டது. இன்டர்நெட்டில் தேடினேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் ஓடுகிற வேகத்தை மல்டிபிளையர் என்று ஓர் எண் தீர்மானிக்கிறதாம். பெரும்பாலான பிராசசர்களில் அந்த எண்ணைப் பூட்டிவைத்துத்தான் விற்பார்கள். எங்களுடையதில் பூட்டு இல்லை. சும்மா கிடைக்கிற ஒரு சாப்ட்வேரைப் போட்டு, ஓடுகிற கம்ப்யூட்டரை நிறுத்தாமலே எண்ணை ஏற்றலாம்.

போட்டுத் திறந்து பார்த்தேன். மல்டிபிளையர் பதினாறில் நின்றது. (என்னைப் போலவே.)

இருபதுக்கு ஏற்றினால் விடிந்து எட்டரை மணிக்குள் முடிந்துவிடும் என்று கால்குலேட்டர் சொன்னது. இருபது என்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. மலைப்பாதையில் இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டிவிட்டால் ஏற்காடு வந்துவிடும். அதற்கு மேல் பயமில்லை.

பதினேழு. நான் பள்ளியை விட்ட எண்ணைக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் தாண்டியது. பதினெட்டு. வெப்பம் அறுபத்தேழு டிகிரி என்று காட்டியது. ‘சூடு ஏறினால் கருகிவிடும்’ என்று இன்டர்நெட்டில் மூன்று இடத்தில் சிவப்பு எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். அப்போது மணி இரண்டு. சன்னலுக்கு வெளியே பனி மேலே ஏறி வந்து எதிர்க்கடையை மறைத்தது.

நாம் சேலத்திலா இருக்கிறோம், வெயிலுக்குப் பயப்பட? ஊரெல்லாம் காசு கொடுத்துக் குளிர் வாங்க இங்கே வருகிறது, நமக்குச் சும்மாவே சன்னல் வரைக்கும் வந்து நிற்கிறதே!

கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினேன். சன்னலை அகலத் திறந்து பெட்டியை அதன் ஓரம் நகர்த்தினேன். டேபிள் ஃபேனை வைத்துப் பனியை உள்ளே ஊதினேன். ஐம்பத்தொன்றுக்கு இறங்கியது. பத்தொன்பது. இருபது! என் வாழ்க்கையில் நான் பயப்படாமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

முருகேசண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். “ஏஞ்சாமி, பல்லு கிட்டுது. சன்னல எதுக்குத் தொறந்து போட்டிருக்கற?”

“கம்ப்யூட்டருக்குக் காத்துங்கண்ணா.”

“எனக்குக் கம்பளி, அதுக்குக் காத்தா? நல்லாருக்குது போ.”

அவர் போனபின் பார்த்தேன். பெட்டியின் தகரம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. பாவம், உழைக்கிறது என்று கர்ச்சீப்பால் துடைத்துவிட்டேன்.

சூட்டைப் பற்றி எச்சரித்தவர்களில் ஒருவர்கூட ஈரத்தைப் பற்றி எழுதவில்லை. எழுதியவர்கள் யாரும் ஏற்காட்டில் இல்லை.

‘பட்’ என்றது. கொஞ்சம் புகை, மீன் கருகின மாதிரி ஒரு நாற்றம். திரை கறுத்தது. ஃபேன் மட்டும் நிற்காமல் பனியை ஊதிக்கொண்டிருந்தது.

பயந்தாங்கொள்ளி எதையும் இரண்டாக வைத்துக்கொள்வான். கல்யாண வீடியோவையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். இரண்டும் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன. முருகேசண்ணன் பைக்கில் சேலத்துக்கு இறங்கி, ரிப்பேர்க் கடையில் காட்டிவிட்டுப் போன் செய்தார். “ரெண்டுமே போச்சு சாமி.” புறா விடச் சொன்ன குரல் இல்லை அது.

நாகலூர் போனேன். கவிதா வாசலில் மறுநாள் சமையலுக்குப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“கொண்டாந்துட்டீங்களா?”

சொன்னேன். பாதியில் எனக்கே நான் சொல்வது கேட்கவில்லை.

“எல்லாமுங்களா?”

“எல்லாமே.”

கையிலிருந்த போசியைக் கவிழ்த்துவைத்தாள். அடுத்ததை எடுத்து விளக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் டிவி போடவில்லை. என் செல் கைக்குக் கை போனது. பதினொரு நொடி. மாமனார் கேமராவைப் பார்த்துத் திரும்புகிறார், “ஏனுங்க, என்னைய எதுக்குப் புடிக்கறீங்க? அங்க புள்ளையப் புடிங்க” என்கிறார். ‘ஏனுங்க’ என்று வாயைத் திறக்கும்போதே இடப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைப் புறா வந்து அவர் முகத்தின்மேல் சிறகை விரிக்கிறது. கடைசி வரைக்கும் நகரவில்லை. அதை அங்கே வைத்ததும் நான்தான்.

மாமியார் செல்லைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவில்லை, காதோடு வைத்துக்கொண்டார். “அவுருதான்” என்றார். திரும்பப் போடச் சொன்னார். நாலைந்து தடவை போட்டிருப்பேன்.

இப்போது எங்கள் மகளுக்கு ஐந்து வயது. தாத்தாவை அவளுக்கு அந்தப் பதினொரு நொடியில்தான் தெரியும். சுவரில் மாலை போட்ட போட்டோவைக் காட்டினால் நம்ப மாட்டாள். ஒண்டிக்கடையில் கரண்டுக் கம்பியில் இருக்கிற புறாவைப் பார்த்து, “அம்மா, தாத்தா உக்காந்திருக்கறாரு!” என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவாள். சொந்தக்காரர்களுக்கு இது போதாதா? எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் ஒருவர் ஆரம்பிப்பார்: “ஏனுங்க மாப்ள, மாமனாருக்குத் தீனி வெச்சீங்களா?” மாமியாரே சிரிப்பார். கவிதாவும் சிரிப்பாள். நான் மிக்சியைத் தொட்டால்கூட, “மொதல்ல சன்னலச் சாத்துங்க” என்பாள்.

ஆனால் தினமும் காலையில் ஒரு பிடி கம்பை எடுத்துக்கொண்டு அவள் மொட்டை மாடிக்குப் போகிறாள். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. அவள் இறங்கி வருகிற வரைக்கும், ஏற்கெனவே சாத்தியிருக்கிற சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருப்பேன்.