ரோஸ் தலை வாத்தும் என் கல்யாணமும்

பத்திரிகை வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது. கண்ணால் பார்த்ததைக் கையால் தொட்டும் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் ஒரு வாத்து எடுத்தது.

எழுபதுகளின் தொடக்கம். மதுரையிலிருந்து வந்த ஒரு தினசரிக்கு அருப்புக்கோட்டையில் நிருபராக இருந்தேன். (நிருபர் என்றால் பருத்தி விலை, யூனியன் ஆபீஸ் கூட்டம், பந்தல்குடி ரோட்டில் லாரி கவிழ்ந்த செய்தி ஆகியவற்றை மாற்றி மாற்றி எழுதுகிறவர்.) அப்பா, நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ்.

வசந்தாவைக் கட்டிக்கொள்ள விரும்பினேன். அவளும் விரும்பினாள். அவர்கள் வீட்டிலும் தெலுங்குதான். ஜாதகம் இடிக்கவில்லை. இடித்தவர் அவள் அப்பா. மதுரையில் விலங்கியல் பேராசிரியர். வடக்கேயிருந்து பறவைகள் வந்து இறங்கும் குளிர்காலம் முழுவதும், விடுமுறை கிடைத்தால் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கண்மாய் கண்மாயாக அலைகிறவர். பெண் கேட்டுப் போன என் அப்பாவிடம் அவர் வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

“தை மாசம் திருச்சுழிப் பக்கம் பறவை பாக்கப் போறேன். தம்பிய அனுப்பி வைங்க. ஒரு நாள் கூட இருந்து பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றார்.

பார்க்கப்போவது பறவையை அல்ல, என்னைத்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. வசந்தா மட்டும் ரகசியமாக ஒரு எச்சரிக்கை கொடுத்தாள். “தெரிஞ்சாச் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. எங்க அப்பாவுக்கு அளக்கிறவுகளக் கண்டாலே ஆகாது.”

தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு அப்போது நல்ல பயிற்சி இருந்தது.

நரிக்குடி போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி, ஒரு கண்மாய்க்கரை மேல் நடந்தோம். தோளில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு, கழுத்தில் இரவல் கேமரா. பேராசிரியர் முன்னால் போனார். அறுவடை முடிந்த வயல்களில் நெல் தாள் மட்டும் நின்றது. தண்ணீருக்குள் கருவேல மரங்கள் முழங்கால் நனைய நின்றன.

என் அறிவைக் காட்டும் வேலையை உடனே தொடங்கினேன். தண்ணீரில் செங்குத்தாக நின்ற கருவேலங்கட்டை ஒன்றைக் காட்டி, “நாரை, சார்” என்றேன். அவர் பைனாகுலரில் பார்த்துவிட்டு, “அப்படியா?” என்றார். அதனால் உஷாராகி, அடுத்து அசையாமல் நின்ற உருவத்தை, “அது கட்டை, சார்” என்றேன். அது பறந்து போயிற்று. இந்தமுறை அவர் “அப்படியா?” என்றுகூடக் கேட்கவில்லை. வசந்தா கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்று காலை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்த நிலைமையில்தான் அதைப் பார்த்தேன். கோரைப்புல் ஓரம் தனியாக ஒரு வாத்து. உடம்பு கரும்பழுப்பு. தலையும் கழுத்தும் நல்ல ரோஸ்.

“சார், அந்த வாத்துக்குத் தலை ரோஸா இருக்கு” என்றேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. (இதை மட்டும் என் பக்கத்து நியாயமாக இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.)

அவர் அலட்சியமாகத்தான் பைனாகுலரைத் தூக்கினார். பிறகு இறக்கவே இல்லை. நல்ல தமிழ் பேசும் மனிதர், உணர்ச்சிவசப்பட்டால் வீட்டு பாஷைக்குத் தாவிவிடுவார் போலிருக்கிறது. “கதலகு… கதலகு” என்று கிசுகிசுத்தார். அசையாதே என்று அர்த்தம். எனக்குச் சொன்னாரா, வாத்துக்குச் சொன்னாரா தெரியாது. இரண்டு பேருமே அசையவில்லை.

ரோஸ் தலை வாத்து என்று ஒரு பறவை இந்தியாவில் இருந்ததாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே அருகிப்போய், பல பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லையாம். பூண்டோடு அழிந்ததாக எழுதியே வைத்துவிட்டார்களாம். இத்தனையையும் அவர் மூச்சு விடாமல் சொன்னார். கடைசியில் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “தம்பி, இதக் கண்டுபிடிச்சது நீங்க! பம்பாயில இருக்கிற பறவைக்காரவுகளுக்கு இப்பமே தந்தி அடிக்கணும். உங்க பேரும் என் பேரும் சேத்துத்தான்!”

உங்க பேரும் என் பேரும் சேர்த்து. பத்திரிகை அடித்தது மாதிரி இருந்தது. கல்யாணப் பத்திரிகை.

“நீங்க கிட்டப் போயி ஒரு போட்டோ எடுங்க. நான் ரோட்டுக்குப் போறேன். அடுத்து வார பஸ்ஸப் பிடிச்சா திருச்சுழி போஸ்டாபீஸ்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்கு. ஓடினார்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். அழிந்துபோன பறவை மனிதனைக் கண்டால் மிரளும் என்று எதிர்பார்த்தேன். இது “குவாக்” என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நேராக என்னை நோக்கி நீந்தி வந்தது. உலகத்தில் மிச்சமிருக்கும் கடைசி வாத்து என்னை நம்புகிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேற்றிலேயே குந்தினேன். அது என் மடியில் ஏறி, தோள்பைக்குள் அலகை விட்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கிழித்துத் தின்ன ஆரம்பித்தது. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பசித்திருக்கிறது, பாவம், இத்தனை வருஷமாயிற்றே என்று அதன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

கையை எடுத்தேன். உள்ளங்கை ரோஸாக இருந்தது.

அந்த ரோஸ் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் என் நகக்கண்ணில் இருந்த ரோஸ். அப்பாவின் பட்டறையில் சிவப்புச் சாயம் ஓய்ந்த தொட்டியில் கடைசியாக மிஞ்சும் தண்ணீரின் ரோஸ். அந்த நிறத்தின் நடுவில் வளர்ந்தவன், அது வாத்தின் மேல் இருந்தால் அடையாளம் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

தூரத்தில் பஸ்ஸின் ஆரன் கேட்டது. வாத்தை இடுக்கிக்கொண்டு கரைமேல் ஓடினேன். இறக்கிவிட்டு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. வாத்தும் புளிச்சோற்றை விட்டு இறங்குவதாக இல்லை.

“சார்! தந்தி வேணாம் சார்!”

பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது. “ஏய்! எவன்டா அவன்! வாத்துத் திருடன் போறான், பிடிங்க பிடிங்க!”

திரும்பிப் பார்த்தால், நீளக் கம்புடன் ஒரு அம்மாள். அறுவடை வயலில் வாத்து மேய்க்க வந்தவர். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய வாத்துக் கூட்டம், எல்லாமே ரோஸ் தலையுடன், கரையிலிருந்து சரிந்து வந்துகொண்டிருந்தது.

நான் ரோட்டைத் தொட்டபோது பஸ் நின்றிருந்தது. பேராசிரியர் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். பேச மூச்சில்லை. உள்ளங்கையை மட்டும் அவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினேன்.

“சாயம், சார்” என்றேன். “எங்க அப்பா பட்டறைச் சாயம்.”

அவர் என் கையைப் பார்த்தார். வாத்தைப் பார்த்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “பெரியவரே, ஏறுறீகளா இல்லையா? வாத்துக்கு டிக்கெட் கிடையாது, கூடையில போடுங்க” என்றார்.

“நீங்க போங்க” என்று பேராசிரியர் காலை எடுத்தார்.

அதற்குள் அந்த அம்மாள் வந்து வாத்தைப் பிடுங்கிக்கொண்டார். “படிச்சவுக மாதிரி இருக்கீக, இப்படியா தூக்கிட்டு ஓடுவீக? எம்புட்டுக் கூட்டம் மேயுது, மாறிப் போகக் கூடாதுன்னுதான மண்டைக்கு ரோசு போட்டிருக்கேன்?”

“திருடலம்மா” என்றேன். “அது எங்க பட்டறைச் சாயம்தானான்னு பாத்தேன்.”

அவர் முகம் மாறியது. திருடனைப் பார்த்த முகம் போய், தேடிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்த முகம் வந்தது. “அருப்புக்கோட்டைப் பட்டறையா? அங்கதான இந்தச் சாயத்த வாங்குனேன், நீருதானா அது! ஏய்யா, ஒரு முங்கு முங்குனா வெளுக்கே, இது ஒரு சாயமா? இதுல நூல வேற தோச்சு விக்கீக!”

எங்கள் தொழிலைப் பற்றி வருங்கால மாமனார் கேட்ட முதல் நற்சான்று இது.

பேராசிரியர் வாத்தின் தலையை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலை முகர்ந்தார். பிறகு ரோட்டோர மைல்கல்லில் உட்கார்ந்து நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டார். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“தந்தி போயிருந்தா, பம்பாயில இருந்து எல்லாரும் ரயிலேறி வந்திருப்பாகளே” என்றார். “வந்து, இந்தம்மாவயும் இந்தக் கூட்டத்தயும் பாத்திருப்பாக. நான் காலேஜுக்கு எந்த மூஞ்சியோட போவேன்?” கொஞ்ச நேரம் சிரித்து ஓய்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, உங்க கண்ணு சுத்தமா சரியில்ல.”

“ஆமா, சார்.”

“என் கண்ணும் இன்னைக்குச் சரியில்ல. ஆனா உங்க காலு நல்லா ஓடுது. மறைக்காமச் சொல்ல ஓடியாந்துச்சு. போதும்.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மிச்சமிருந்த புளிச்சோற்றை மூன்று பேரும் மைல்கல் பக்கத்திலேயே பங்கிட்டுச் சாப்பிட்டோம். அந்த அம்மாள், சோற்றுக்கு உப்பு பத்தாது என்றார்.

பேராசிரியரை வீடு வரை கொண்டுபோய் விட மதுரைக்குக் கூடவே போனேன். “வசந்தாட்ட இதச் சொல்ல வேணாம்” என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டார். சத்தியம் செய்தேன். கதவைத் திறந்த வசந்தா கேட்டாள்: “என்னப்பா, நெத்தியில ரோஸா ஒரு கோடு?”

வியர்வையை வழித்த விரல். அதோடு அருப்புக்கோட்டையிலும் மதுரையிலும் பஸ் மாறி இறங்கி வந்திருக்கிறார். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வந்தும் கவனிக்கவில்லை. அவர் சொன்னது சரிதான், என் கண் சுத்தமாகச் சரியில்லை.

கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது அதிசயம் என்று கொண்டுவந்தால், இன்றும் முதல் கேள்வி, “தொட்டுப் பாத்தியா?” புதுப்புடவை, புது வேலைக்காரர், புது மாப்பிள்ளை, எதுவும் தப்பியதில்லை.

எங்களுக்குப் பெண் பிறந்தபோது, நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்தார். குழந்தை தலையிலிருந்து கழுத்துவரை நல்ல ரோஸ். மாமா கூஜாத் தண்ணீரில் விரலை நனைத்து, அதன் கன்னத்தில் மெல்லத் தேய்த்தார். விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

“ஒட்டல, தம்பி. தாராளமா தந்தி அடிங்க.”