சைலன்சர் மாற்றிய சைலன்ஸ் சார்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நூலகர் ஒரு முடிவெடுத்தார். இனிமேல் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி வாழ்வது!

காரணம் இருந்தது. நூலகத்தில் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, "சைலன்ஸ்... சைலன்ஸ்..." என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். வாசகர்கள் அவருக்கு 'சைலன்ஸ் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவசரத்தில் கூப்பிட்டால் அது 'சைலன்சர்' ஆகிவிடும். வீட்டிலும் அதே கதை. ஒருமுறை அவர் உள்ளே இருப்பது தெரியாமல் மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்கே போய்விட்டாள்.

ஆகவே, பைக்கின் பழைய சைலன்சரில் ஓட்டை விழுந்ததும் மெக்கானிக்கிடம் போனார்.

"இருக்கறதுலயே கம்பீரமா ஒண்ணு போடுப்பா!"

பளபளவென்று பீரங்கி மாதிரி ஒன்று ஏறியது. ஓங்கி ஒரு உதை உதைத்தார். பக்கத்துக் கடையில் சோடா பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அவர் தெருவுக்குள் நுழைந்தபோது ஜன்னல்கள் நடுங்கின. கொடியில் காய்ந்த சட்டைகள் கை தட்டின. ஒரு நாய் குரைக்க வாயைத் திறந்து, பிரயோஜனமில்லை என்று மூடிக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நூலகருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வாசலில் மனைவி நின்றாள். குடிநீர் வாரிய அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்பது அவள் வேலை. எரிமலையாக வருகிறவர்களை ஐஸ்கட்டியாக அனுப்பிவைப்பவள். சண்டை நிச்சயம் என்று, வழியெல்லாம் பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

"அடேயப்பா!" என்றாள் அவள். "சிங்கம் மாதிரி இருக்குங்க!"

"எது?"

"சத்தந்தான். நீங்க தெருமுனையில திரும்பும்போதே எனக்குப் பெருமை தாங்கல."

ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாய்ப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் சிங்கம் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியது.

மறுநாள் இருட்டோடு யாரோ உலுக்கினார்கள். மனைவி.

"ஏங்க, எழுந்திருங்க. எதிர்வீட்டு நர்ஸம்மாவை எழுப்பணும்."

"அவங்களை எழுப்ப என்னை எதுக்கு எழுப்பற?"

"அலாரம் அடிச்சா அவங்களுக்குக் கேக்கறதில்லையாம். உங்க வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினா, மயக்க ஊசி போட்டவங்ககூட எழுந்து உக்காருவாங்களாம். எவ்வளவு பெரிய பாராட்டு! நானும் சரின்னுட்டேன்."

மயக்க ஊசியையே முறியடித்த பெருமையோடு நூலகர் போய் வண்டியை உறுமவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை அதற்கும் முன்னதாக உலுக்கல்.

"மாடிவீட்டுப் பொண்ணுக்குப் பரீட்சைங்க. உங்க சத்தம் கேட்டாத்தான் படிப்பு ஏறுதாம்."

செவ்வாய்க்கிழமை தெருக்கோடியில் இருந்த தலைமையாசிரியர் வீட்டு மொட்டை மாடியில் புறாத் தொல்லை. "மத்தியானம் சாப்பிட வேணாம், சும்மா வந்து உறுமிட்டுப் போங்க. புறாவுக்கெல்லாம் உங்க பேரைக் கேட்டாலே நடுக்கமாம்."

புதன்கிழமை மாமியார் வீட்டுப் பக்கம் திருட்டுப் பயம். "படுக்கறதுக்கு முன்னாடி அம்மா வீட்டைச் சுத்தி நாலு ரவுண்டு வந்துடுங்க. மாப்பிள்ளை இருக்க போலீஸ் எதுக்குன்னு கேக்கறாங்க."

"சத்தத்தை மட்டும் தனியா அனுப்ப முடியாதா?" என்றார் நூலகர் பரிதாபமாக.

வியாழக்கிழமை நூலகத்தில், உதட்டில் வைத்த விரலோடு அப்படியே தூங்கிப்போனார். அவர் குறட்டையைக் கேட்டு ஒரு வாசகர், "சைலன்ஸ், சார்!" என்றார். கூப்பிட்டாரா, கண்டித்தாரா என்று புரியவில்லை. ஆனால் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நூலகர் நேரே மெக்கானிக்கிடம் போனார். பீரங்கியைக் கழற்றினார். இருப்பதிலேயே ஊமையான ஒன்றை மாட்டிக்கொண்டு பூனைபோல வீடு வந்து சேர்ந்தார்.

"நல்லா யோசிச்சுப் பார்த்தேன்," என்றார் கம்பீரமாக. "சமுதாயப் பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு. கழட்டிட்டேன்."

"அய்யய்யோ! எல்லாரும் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"இந்த வீட்டுல நான் முடிவெடுத்தா எடுத்ததுதான்!"

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள்கள் குலுங்கின. பாவம், அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயித்த முதல் சண்டை! ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வேண்டாமா? எதிர்வீட்டில் தானே போய்ச் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்த நடையோடு தெருவைக் கடந்தார். நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்கணும்மா. நாளையிலேருந்து விடிகாலையில உங்களை எழுப்ப முடியாது."

"என்னையா? இந்த மாசம் பூரா எனக்கு நைட் டூட்டி சார். விடிகாலையில நான் ஆஸ்பத்திரியிலதானே இருப்பேன்!"

"அப்போ... புறா? பரீட்சை?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சனிக்கிழமை உங்க வண்டி உள்ள வந்ததுமே, தெருவே சேர்ந்து உங்க வீட்டம்மாவுக்கு போன் போட்டோம். 'அவர்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க, வியாழக்கிழமைக்குள்ள கழட்டிடுவாரு'ன்னாங்க. பத்து நாளாவது ஆகும்னு நாங்க நெனச்சோம்."

நூலகர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. இது நானா எடுத்த முடிவு!"

"ஆமாங்க," என்றாள் நர்ஸ் சட்டென்று. "நீங்க அப்படிச் சொன்னா, ஆமான்னு சொல்லிடச் சொன்னாங்க."