சிவப்புக் கொடிக்கு நிற்காத ஜோசப்பின்

கொட்டகலை,
திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் கிறிஸ்டியன் அவர்களுக்கு,

சூசைரட்ணம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். வத்தளையில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். என் மனைவியும் உங்கள் தங்கையுமான ஜோசப்பினும் சுகம். ஒரு குடும்பப் பெண்ணுக்கு வேண்டியதைவிடக் கூடுதலான சுகம். அதுதான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் போன் அவள் கையில். எந்நேரமும் அதில் ஆற்றில் ஆட்கள் கவிழ்கிற வீடியோதான் ஓடுகிறது.

சித்திரை வருசத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்கள் கித்துல்கலைக்கு ஆறு பார்க்கப் போனார்கள். பார்த்துவிட்டுத் திரும்புவதுதானே முறை? அங்கே நிலக்ஷி என்று ஒரு சிங்களப் பிள்ளை, கயாக் ஓட்டப் பழக்குகிறவள், பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகச் சொல்லித் தருவதாகக் கூப்பிட்டிருக்கிறாள். கயாக் என்றால் ஒற்றை ஆள் படகு. கால் நீட்டி உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே ஆளைக் காணாது. அதில் ஏறி, பாறைகளுக்கு நடுவே நுரைதள்ளிப் பாய்கிற தண்ணீரில் இறங்க வேண்டுமாம். "இருவது வருசமா மலைதான் ஏறுறேன், ஒரு நாளாவது எறங்கிப் பாக்குறேனே" என்று உங்கள் தங்கை முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக் காம்பிரா அம்மாக்கண்ணு, அம்மாக்கண்ணுவைப் பார்த்து இன்னும் மூன்று பேர். பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவார்கள். நான் சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். சாப்பிடாமல் இருந்த அன்று என் பங்கு ரொட்டியையும் கட்டிக்கொண்டு போனாள்.

நேற்று அவர்களுக்குப் பரீட்சை. ஆற்றின் பெரிய பாய்ச்சலைப் படகில் தாண்டுகிறவர்கள் அடுத்த மாதம் பெண்கள் போட்டிக்குப் போகலாம். நேரிலேயே போய்த் தடுப்பது என்று கிளம்பினேன். ஸ்டேசனில் கொடி காட்டி ஓய்வுபெற்றவன் நான். பட்டிப்பொல ஸ்டேசன் பனியிலும் என் கொடிக்கு ரயில் நின்றிருக்கிறது. வீட்டில் இருந்த சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு (பச்சையை நத்தார் பண்டிகைக்கு வந்தபோது உங்கள் சின்னவன் விளையாட எடுத்துப் போனது நினைவிருக்கும்) பாறையில் ஏறி நின்று ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன். நிற்க வேண்டியவள் நிற்கவில்லை. வெள்ளைக்காரர்களை ஏற்றிவந்த ரப்பர் படகு ஒன்றுதான் பயந்துபோய்க் கரையில் ஒதுங்கியது.

இனிமேல்தான் கேளுங்கள். படகுக்குள் தண்ணீர் போகாமல் இடுப்பில் ஒரு ரப்பர் பாவாடையைக் கட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயில் மாட்டுகிறார்கள். முன்னால் ஒரு வார் வெளியே தொங்க வேண்டும். கவிழ்ந்தால் அதைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே வரலாம். நம் பெண்களுக்கோ அது கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றுகிற படங்கு மாதிரி. படங்கில் எதுவும் தொங்கக் கூடாது, தேயிலை வாதில் மாட்டும். தொங்குவதை உள்ளே சொருகியே பழகிய கை. நிலக்ஷி ஒவ்வொருவராய்ப் பார்த்து வாரை வெளியே எடுத்துவிட்டாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் உங்கள் தங்கையின் கை, தங்கையைக் கேட்காமலே, அதைச் சொருகிவிட்டது. பெரிய பாய்ச்சலின் நடுவே படகு குப்புறக் கவிழ்ந்தது. மஞ்சள் அடிப்பக்கம் மட்டும் மிதக்கிறது, ஆள் வெளியே வரவில்லை. நிலக்ஷி தன் படகில் விரைகிறாள், அம்மாக்கண்ணு "மாரியாத்தா" என்று அலறுகிறாள், நான் சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கிவிட்டேன். மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். இவள் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை பிடிப்பேன்? அப்போது துடுப்பின் நுனி ஒன்று மேலே வந்தது, படகு ஒரு சுற்றுப் புரண்டது, உங்கள் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்! படகுக்குள் இருந்தபடியே! இத்தனை ஞாயிறாக நிலக்ஷி தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தும் ஒருத்திக்கும் வராத வித்தை அது. வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, மிச்சப் பாய்ச்சலையும் தாண்டிப் போய்த்தான் கரையேறினாள்.

நிலக்ஷி ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அக்கே, எப்புடி செஞ்சது?" என்றாள்.

"வாரத் தேடுனேன், காணல. சொருகிட்டேன்னு அப்பதான் நெனப்பு வந்திச்சி. எறங்க வழியில்லாட்டி நிமுந்துதானே ஆகணும்?" என்றாள் இவள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏங்க நனைஞ்சி நிக்கிறீங்க? கையில என்னா, செவப்புக் கொடி?"

"காக்கா வெரட்ட" என்றேன்.

இவளைப் பார்த்த தைரியத்தில் மற்ற நாலு பேரும் தாண்டிவிட்டார்கள். ராத்திரி லயத்தில் வெடி போட்டார்கள். எனக்குத் தடிமன், ஓயாத தும்மல்.

ஆகவே மச்சான், இந்தக் கூத்தை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். அவளுக்கு உலகத்தில் உங்கள் சொல் ஒன்றுக்குத்தான் பயம். வருகிற ஞாயிறு கட்டாயம் புறப்பட்டு வந்து நன்றாகக் கண்டித்துவிட்டுப் போகவும். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். லூர்து மாதா உங்கள் குடும்பத்தை மேட்டிலும் பள்ளத்திலும், முக்கியமாகத் தண்ணீரிலும் காக்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டிலும் ஆற்றிலும் சொல் எடுபடாத
சூசைரட்ணம்

பி.கு: ஞாயிறு வர வேண்டாம். வீட்டில் ஆள் இருக்காது. போட்டிக்குப் பழகும்போது, வழி சரியா இல்லையா என்று பாறை மேல் நின்று காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று நிலக்ஷி கேட்டாள். இந்தப் பக்கத்தில் கொடி காட்டத் தெரிந்தவன் என்னைவிட்டால் யார்? ஆனால் என்னிடம் நிறுத்துகிற கொடி மட்டும்தான் இருக்கிறது. சின்னவன் அழுதாலும் பரவாயில்லை, பச்சைக் கொடியை உடனே தபாலில் அனுப்பவும்.